சம்பந்தியம்மா வைத்த கிம்ச்சி

நம் கொரியச் சாப்பாட்டுக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கோ நைங் மூன்று முறை போன் செய்துவிட்டார். நான் ஓய்வு பெற்று அலோனில் வீட்டோடு இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன். ஆனால் தமிழில்தான் எழுதுவேன். உங்களில் மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள். தமிழைக் கேட்டால் புரியும், வாயைத் திறந்தால் பர்மிய மொழிதான் வரும், எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் உரக்கப் படியுங்கள். மற்ற மூவருக்கும் நீங்களே பர்மிய மொழியில் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்கத்தானே வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

போன வாரம் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். உங்களில் ஒருவர் ஒரு விருந்தாளியிடம், கொரியாவில் மழை பெய்தால் எல்லா வீட்டிலும் இந்த அடைதான் சுடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா வீட்டிலுமா? நீங்கள் எத்தனை வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்கள்? ஒரு சீரியலில் பார்த்திருப்பீர்கள். அதையாவது விட்டுவிடலாம். அடுத்த மேசையில் ஒரு அம்மாள், இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். உங்களில் இன்னொருவர் தட்டைக்கூடப் பார்க்காமல், சிரித்துக்கொண்டே, "காய்கறி மட்டும்தான் மேடம்" என்றார். அப்போதே எழுந்து வந்து கேட்டிருப்பேன். முழங்கால் விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வாக்கியத்தை இருபது வருடங்களுக்கு முன்னால் நானே சொல்லியிருக்கிறேன். அதே சிரிப்போடு.

நான் இந்தக் கடைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் கொரியர்கள் நடத்திய ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் தையல் வரிசைக்கு மேற்பார்வை பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது திட்டுகிற கொரிய மொழிதான். விருந்தாளிகளிடம் பேசுகிற கொரிய மொழியைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். வீட்டில் எனக்குச் சந்திரா, பதிவேட்டில் சண்டா. கடையில் பர்மிய மரியாதைப்படி முதலில் மா சண்டா, தலை நரைத்த பிறகு டோ சண்டா. என் வேலை, கொரியச் சாப்பாடு தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது. என்ன பதார்த்தம், எதோடு சேர்த்துச் சாப்பிடுவது, பெரியவர் ஸ்பூனை எடுக்கும்வரை ஏன் காத்திருப்பது, இதெல்லாம். பர்மியர், இந்தியர், ஜப்பானியர், வெள்ளைக்காரர் எல்லாரும் வருவார்கள்.

சமையலறையில் ஒரு கொரியப் பெண் இருந்தாள். என் வயதுதான் அவளுக்கும். இமோ என்று கூப்பிடுவோம். சித்தி என்று பொருள்; கொரியாவில் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரிகளை அப்படித்தான் அழைப்பார்கள். அவளுடைய சொந்தப் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "எதற்கு?" என்பாள். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். எனக்கு அவள் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

சேர்ந்து இரண்டு வருடம் ஆனபோது, இந்தியாவிலிருந்து வந்த ஒரு வியாபாரியோடு நம் ஊர்க்காரர் ஒருவர் சாப்பிட வந்தார். இன்சீனைச் சேர்ந்த பயறு வியாபாரி, பெயர் ராமையா. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டி, விரதத்தில் இருந்தார். வந்தவருக்காக உட்கார்ந்தாரே தவிர, அவருக்குச் சாப்பிடும் எண்ணமே இல்லை. நான்தான் விடவில்லை. கிம்ச்சித் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"இதுல மச்சம் மாமிசம் ஏதும் கலந்திருக்காம்மா? நான் காப்புக் கட்டியிருக்கேன்" என்றார்.

"வெறும் கோசுதாண்ணே. மொளகாப்பொடி, பூண்டு, இஞ்சி. நம்ம ஊறுகா மாதிரிதான்" என்றேன். சிரித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ரசித்துச் சாப்பிட்டார். இரண்டாவது தட்டும் கேட்டார். அதை எடுக்க உள்ளே போனபோது இமோ தரையில் குந்தி உட்கார்ந்து புதுக் கிம்ச்சிக்கு மசாலா பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி. மூடி திறந்திருந்தது. உள்ளே பொடி இறால், உப்பில் ஊறி வெளிர்ச் சிவப்பாக. பர்மாவில் பிறந்த எவருக்கும் அந்த வாசனையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மீனையும் இறாலையும் உப்பில் ஊறவைத்து நாம் இடிக்கிற ஙாப்பியின் தங்கச்சி அது.

"இது எதுக்கு?" என்றேன்.

"கிம்ச்சிக்கு."

"எல்லாக் கிம்ச்சிக்குமா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இது போடாமல் எப்படிக் கிம்ச்சி வரும்?"

இரண்டு வருடம் அந்தத் தட்டை ஆயிரம் பேருக்கு நீட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்போதிருந்த மேனேஜரிடம் ஓடினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "யாபாதே, பரவாயில்லை விடு. அவருக்குத் தெரியாதே. தெரியாமல் சாப்பிட்டால் என்ன பாவம்? நீ போய்ச் சொன்னால்தான் அவருக்குக் கஷ்டம்" என்றார். நல்ல மனிதர்தான். நியாயமாகத்தான் பட்டது எனக்கும். ஆனாலும் போய் ராமையாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கயிற்றைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார். தெருவோரச் சாக்கடைப் பக்கம் குனிந்து நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாயைக் கொப்பளித்துத் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமேம்மா. நான் வெறும் சோறும் உப்பும் சாப்பிட்டுட்டுப் போயிருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருடம் அவர் பூக்குழி இறங்கவில்லை. தீமிதியன்று நானும் போயிருந்தேன். இறங்குபவர்களின் சட்டைகளையும் கைக்கடிகாரங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றிருந்தார். நான் சாமி கும்பிடாமல் பின்வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து இமோவுக்கு என்னால் நிம்மதி போயிற்று. ஒவ்வொரு சட்டியிலும் என்ன இருக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதினேன். குழம்புத் தண்ணீரில் நெத்திலி. முட்டைக்கோஸ் பொரியல் மாதிரி இருப்பதில் மீன் சாறு. சைவம் என்று நான் கூவி விற்ற அடையில் சிப்பி. அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டினாள். இறால் இல்லாத கிம்ச்சி ஒன்று செய்து கொடு என்று இரண்டு வருடம் நச்சரித்தேன். "அது கிம்ச்சி இல்லை" என்பாள். ஒரு நாள் ஒரு சின்ன ஜாடியை என் முன்னால் தள்ளினாள். மீன் இல்லை, இறால் இல்லை, பூண்டுகூட இல்லை. கொரியாவில் புத்த மடங்களில் துறவிகள் சாப்பிடுவதாம்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ கிம்ச்சி கேட்டாய். இது மடத்துச் சாப்பாடு. அப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்" என்றாள். இப்படிப்பட்டவளோடு இருபது வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்தது.

மின்சு என்று ஒரு கொரியப் பையன், தொழிற்சாலை ஒன்றில் மேலாளர், அடிக்கடி வருவான். உள் அறையை ஒரு சனிக்கிழமை மதியத்துக்குக் கேட்டான். கல்யாணம் பேசி முடிக்க இரண்டு குடும்பமும் சந்தித்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பெண் கலா, அதே தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர், தமிழ்ப் பிள்ளை. முந்தின வாரம் சாப்பாட்டைப் பற்றிப் பேச அவள் வந்தாள்.

"அப்பா மாட்டுக் கறி தொடமாட்டாரு அக்கா. சனிக்கிழம மட்டும் முழுச் சைவம்."

"பின்ன ஏம்மா சனிக்கிழமயப் புடிச்சீங்க?"

"அவங்கம்மா வெள்ளிக்கிழம வர்றாங்க, ஞாயித்துக்கிழம திரும்புறாங்க. அன்னைக்கு மத்தியானத்த விட்டா நேரம் இல்லக்கா."

கொரிய மொழி, பர்மிய மொழி, தமிழ் மூன்றும் தெரிந்த பெண், தொழிற்சாலையில் தினம் நூறு சண்டையைத் தீர்த்து வைப்பவள், தன் விஷயத்தில் இப்படி. அப்பா பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு விடுப்பு எடுத்திருப்பேன்.

இமோவும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து சாப்பாட்டை முடிவு செய்தோம். மடத்துக் கிம்ச்சி. காளான் போட்ட கண்ணாடிச் சேமியா. கடற்பாசியும் காளானும் கொதிக்கவைத்த தண்ணீரில் சோயா விழுதுக் குழம்பு. பூசணிக் கஞ்சி. எள்ளெண்ணெயில் பிரட்டிய கீரை.

சனிக்கிழமை கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடினாலும் உள் அறை ஏசிக்கு அது பற்றவில்லை. மின்சுவின் அம்மா முதலில் வந்தார். மிங்கலாடோன் விமான நிலையத்தில் முந்தின நாள் இறங்கிய களைப்பு முகத்தில் இருந்தது. குள்ளமான, திடமான பெண்மணி. கணவர் இல்லை. துறைமுக ஊர் ஒன்றில் மீன் சந்தையில் கடை போட்டு மகனைப் படிக்கவைத்தவர். சம்பந்தி சைவம் என்று கேள்விப்பட்டு, வழக்கமாகக் கொண்டுவரும் கருவாட்டை விட்டுவிட்டுக் கடற்பாசி மட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

பிறகு கலா தன் அப்பா அம்மாவோடு வந்தாள். அப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"நீதானா" என்றார் ராமையா.

"அப்பா, அக்காவ உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் கலா.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள்.

அதன்பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு தட்டையும் வைத்து, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அதையே மறுபடி கேட்டார். கிம்ச்சி வந்ததும் மனைவி பார்வதியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து நேரே சமையலறைக்குப் போய், இமோவின் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாத்துட்டேன். சுத்தமாத்தான் இருக்கு."

கழிவறையைத் தேடிப் போனார் என்று நினைத்துக்கொண்ட கொரிய அம்மா, வழி கிடைத்ததா என்று அக்கறையாகக் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவ்வளவு பார்த்தும் ராமையா கிம்ச்சியைத் தொடவில்லை. வெறும் சோறு, நடுநடுவே கொஞ்சம் கீரை. மகள் கெஞ்சிக் கேட்டிருந்ததால் கையால் சாப்பிடாமல் ஸ்பூனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிரில் மின்சுவின் அம்மா அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினையாகப் படவில்லை. சம்பந்தி சாப்பிடவில்லையென்றால் மகனைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். என்னிடம் தாழ்ந்த குரலில், "எதுவும் குறையா?" என்று கேட்டார். மெதுவாகச் சாப்பிடுகிறவர் என்று சமாளித்தேன்.

ராமையா ஒரு வாய்ச் சோற்றை ஸ்பூனில் எடுத்து, கலா ஏதோ சொன்னதைக் கேட்பதற்காகப் பாதி வழியில் நிறுத்தினார். அந்த அம்மா தன் குச்சிகளால் கிம்ச்சி இலை ஒன்றை எடுத்தார். அதுவரை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே குச்சிகள். இலையை நீளவாக்கில் கிழித்தார். நல்ல, மிருதுவான துண்டாகப் பார்த்து மேசைக்கு மேலே எட்டி, ராமையாவின் ஸ்பூனில் இருந்த சோற்றின் மேல் வைத்தார்.

கொரிய வீடுகளில் தாய் பிள்ளைக்கு இப்படிச் செய்வாள், மனைவி கணவனுக்குச் செய்வாள். அதற்கு மேல் ஒருவருக்குக் காட்டக்கூடிய அன்பு அந்த மேசையில் கிடையாது. ராமையா பார்த்தது வேறு. ஒரு பெண்பிள்ளை வாயில் வைத்த குச்சியால் தன் சோற்றைத் தொட்டுவிட்டார். எச்சில். சனிக்கிழமையன்று.

அவர் ஸ்பூனை மெதுவாகத் தட்டில் வைத்தார். கையை மடியில் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மாவின் குச்சி அந்தரத்திலேயே நின்றது. மின்சு கொரிய மொழியில் "என்ன ஆச்சு?" என்றான். கலா என்னைப் பார்த்துத் தமிழில், உதடு அசையாமல் சொன்னாள்:

"அக்கா, அப்பாவுக்கு வயிறு சரியில்லன்னு சொல்லிருங்க. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

இருபது வருடம் இந்த வேலையில் இருந்தவள் நான். இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உங்களைப் போன்றவர்களுக்கு வருடா வருடம் வகுப்பெடுத்தவள். சொல்லிவிட்டேன். "அவருக்குக் காலையிலிருந்தே அஜீரணமாம்" என்று கொரிய மொழியில் அழகாகச் சொன்னேன்.

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. அதுதானா விஷயம் என்பதுபோல் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். ராமையாவின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கித் தட்ட ஆரம்பித்தார். மீன் பெட்டி தூக்கிய கை அது. ராமையாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பிறகு அவர் வலது கையைப் பிடித்துத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை இழுத்து இழுத்துத் தேய்த்தார். கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம், "ஊசியும் நூலும் கொண்டு வா. கெட்ட ரத்தத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றார். அஜீரணத்துக்குக் கட்டைவிரலை நூலால் கட்டி, நகத்துக்குக் கீழே குத்துவது அவர்கள் கைவைத்தியம். இதையும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பொய் சொல்லும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

"என்னம்மா பண்ணுது இந்தம்மா?" என்றார் ராமையா, கையை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல், விடவும் தெரியாமல். பார்வதி எழுந்து நின்றுவிட்டார். கலா முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் ஊசி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குத் தப்பித்து வந்தேன். ஆமாம், ஓடிவந்துவிட்டேன்.

"யார் விரலுக்கு ஊசி?" என்றாள் இமோ. சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஊசி இருந்த டப்பாவை எடுத்துத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"தரமாட்டேன். போய்ச் சொல்லு."

"சொன்னால் கல்யாணம் நின்றுவிடும்."

"நின்றால் நிற்கட்டும். வயிறு நன்றாக இருக்கிற ஆளைக் குத்தவா போகிறாய்?"

வேறு வழியில்லை. திரும்பிப் போனேன். அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன். அஜீரணம் இல்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். கலா கேட்டுக்கொண்டதைச் சொல்லவில்லை. பொய்யைச் சொன்னது என் வாய்தான். பிறகு எச்சிலைப் பற்றிச் சொன்னேன். அதற்குக் கொரிய மொழியில் வார்த்தை கிடையாது. உமிழ்நீர் என்றால் அருவருப்பு போல் கேட்கிறது, அழுக்கு என்றால் அவமானம். தட்டுத் தடுமாறி, எங்கள் ஆட்கள் ஒருவர் வாயில் பட்டதை இன்னொருவர் தொடமாட்டார்கள், அது உங்களைப் பற்றியது இல்லை, என் சொந்த அண்ணனாக இருந்தாலும் அப்படித்தான் என்றேன்.

அவர் தன் குச்சிகளைப் பார்த்தார். "என் கை அசுத்தமா?" என்றார்.

"இல்லை."

"பிறகு?"

தமிழுக்குத் திரும்பினேன். ராமையாவிடம், அந்த அம்மா அதை ஏன் வைத்தார் என்று சொன்னேன். பெற்ற பிள்ளைக்குச் செய்வதை உங்களுக்குச் செய்தார் அண்ணே என்றேன்.

அவர் மேசை விரிப்பின் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டார்.

"அந்தம்மா மேல தப்பு இல்ல" என்றார். "எனக்கு வேற யோசன. நாளைக்கு எம்பொண்ணு தனியா கொரியாவுல போய் நிக்கும். கறுப்பா இருக்கு, கையால சாப்புடுது, தலைக்கு எண்ண வச்சுக்குது. இந்த ஊர்லயே நாலு தலமுறையா இருக்கோம், இங்கயே நம்மள மூக்கச் சுளிச்சுத்தான் பாக்குறாங்க. அங்க ஒரு பய துணைக்கு இல்ல. அருவருப்பாப் பாப்பாங்களா, மாட்டாங்களா? அதான் ரெண்டு மாசமா என் மனசுல. சாப்பாடு எறங்கல. இதச் சொல்லணும்னா சொல்லு."

கலா அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் அவர் இதைச் சொன்னதில்லை போலிருக்கிறது.

இந்த முறை ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தேன். கறுப்பு என்றதையும், மூக்கைச் சுளிக்கிறார்கள் என்றதையும்.

அந்த அம்மா முழுவதும் கேட்டார். சத்தியம் செய்வார், மகன் நல்லவன் என்பார், ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். அவரோ கையை நீட்டினார். ராமையா வைத்துவிட்ட ஸ்பூன் இன்னும் அவர் தட்டில்தான் இருந்தது. அவர் வாயில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்பூன், அவர் அள்ளிய சோறு, மேலே அந்தக் கிம்ச்சித் துண்டு. அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார். ஸ்பூனில் ஒட்டியிருந்த இரண்டு பருக்கையையும் விடவில்லை.

பார்வதி "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னார்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். கல்யாணம் நடந்தது. தை மாதம், இன்சீனில், கோயில் மண்டபத்தில். எல்லாருக்கும் வாழை இலை. மின்சு கையால் சாப்பிட்டு முழங்கைவரை சாம்பாரை வழியவிட்டான். கலா இப்போது அவர்களோடு அந்தத் துறைமுக ஊரில் இருக்கிறாள். ராமையா அவ்வப்போது கடைக்கு வருவார். வந்தால் இன்றைக்கும் ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது என்று இரண்டு முறை கேட்பார். உங்களையும் கேட்பார். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள், நான் பட்ட எரிச்சல் போதும்.

ஆனால் கல்யாணத்தைவிட எனக்கு மனதில் நிற்பது அதற்கு அடுத்த இரண்டு நிமிடம்தான். ஸ்பூனைக் கீழே வைத்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ராமையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. பார்வதியும் பார்த்தார். அந்த அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"மறுபடியும் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா? ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டார்.

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எங்கள் வீடுகளில் ஒரு மனிதனின் எச்சில் தட்டில் யார் சாப்பிடுவார்கள், யார் சாப்பிட மாட்டார்கள், அவர் மனைவியும் பிள்ளையும் தவிர வேறு எவரும் ஏன் அதைத் தொடமாட்டார்கள், நீங்கள் இப்போது செய்ததற்கு எங்களிடம் என்ன பெயர் என்று ஒரு வகுப்பே எடுத்திருப்பேன். வாயையும் திறந்துவிட்டேன்.

"அந்தம்மா என்ன கேக்குது?" என்றார் ராமையா. சொன்னேன்.

"சொல்லாதம்மா" என்றார். "சொன்னா கூச்சப்படுவாங்க. பாவம், பசியோட இருக்காங்க." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் தட்டை முன்னால் நகர்த்தினார். "எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு கொண்டாரச் சொல்லு. அந்தக் கோசையும்."

அதை மட்டும் மொழிபெயர்த்தேன்.